கிண்ணமும் கண்டலும்: படுவான்கரை அரிசி ஆலை முதலாளி ஒருவரின் செலவுக் கணக்கு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும், வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் நிலத்தை எழுவான்கரை என்றும் சொல்வது எங்கள் வழக்கம். நெல்லும் பாலும் படுவான்கரையில் விளையும். அவற்றை விற்ற காசு பெரும்பாலும் மறுகரையில் செலவாகும். அந்தப் படுவான்கரையில், வாவியோரக் கிராமம் ஒன்றில் அவித்த அரிசி ஆலை நடத்தும் ஒருவர், தம் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கும், உவர்ச் சேற்றில் வளரும் வாவியோரக் கண்டல் (அலையாத்தி) காட்டுக்கும் செய்த செலவே இந்த ஆய்வின் பொருள்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிட வேண்டும். நான் அந்தக் கழகத்தின் கணக்குகளைச் சம்பளமின்றிப் பல ஆண்டுகளாகப் பரிசோதித்து வருபவன். ஆலை முதலாளியை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய வீட்டுக் கலியாணங்களில் சாப்பிட்டிருக்கிறேன். எனவே என் பக்கச் சார்பைக் கழித்துக்கொண்டு வாசிப்பது நல்லது. ஊரின் பெயர், ஆளின் பெயர், தொகைகள் ஆகிய மூன்றையும் வெளியிடக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். தொகைகளை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை என்றாலும் சம்மதித்தேன், ஏனென்றால் இங்கே சொல்ல வந்தது எவ்வளவு செலவானது என்பதை அல்ல, எந்தத் தலைப்பின் கீழ் செலவானது என்பதைத்தான்.

கொடைக்கு இங்கே ஒரு பழைய வடிவம் உண்டு. வயல்நிலம் வைத்திருந்த போடியார்மார் கோயில் சடங்குக்கும் கொம்புமுறி விளையாட்டுக்கும் கொடுத்தார்கள். கண்ணகி அம்மனோடு இணைந்த அந்த விளையாட்டில் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வைரம் பாய்ந்த வளைந்த கொம்புகள் இரண்டைக் கொளுவி, கயிறு கட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். மழை பொய்த்த காலத்தில் மழை வேண்டி ஆடும் விளையாட்டு அது என்பதால், விளையாட்டையும் இயற்கையையும் தனித்தனி அலமாரிகளில் வைக்கும் பழக்கம் நம்முடைய பழைய ஆட்களிடம் இருக்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் கொடுத்தவரின் பெயர் ஊரறியச் சொல்லப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்போதும் இருந்தது. இன்றைக்குப் போடியாரின் இடத்தில் ஆலைக்காரரும் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புபவரும் நிற்கிறார்கள். சடங்கின் இடத்தில் மென்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி வந்திருக்கிறது. பெயர் சொல்லும் வழக்கம் மட்டும் மாறவில்லை, ஒலிபெருக்கிதான் பெரிதாகியிருக்கிறது.

தேசிய மட்டத்திலும் இதே கதைதான். தில்மா தேயிலையை நிறுவிய மெரில் ஜே. பெர்னாண்டோ (1930–2023) விளையாட்டுக்கும் செலவிட்டார், இயற்கைப் பாதுகாப்புக்கும் செலவிட்டார். இலங்கைக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பல ஆண்டுகள் இருந்த தில்மா என்ற பெயரை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். அதே நிறுவனம் 2007ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவொன்றைத் தொடங்கியதையும், கல்குடாவில் அவருடைய அறக்கட்டளையின் நிலையம் ஒன்று இருப்பதையும் அறிந்தவர்கள் இதே மாவட்டத்தில் எத்தனை பேர் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

மைதானம்

எங்கள் ஆலைக்காரரும் வெற்றிக் கிண்ணத்தில்தான் தொடங்கினார். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்குப் பரிசு, பிறகு வருடாந்தச் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை, சீருடை, கூடாரம், விருந்து. அந்த ஆண்டுகளின் பேரேட்டைப் புரட்டினால் எல்லாமே ஒருநாள் செலவு. போட்டி முடிந்த மறுவாரம் மைதானத்தில் பட்டி மாடு மேயும்; மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்.

2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது இந்தக் கதையில் ஒரு திருப்பம். அதுவரை மறுகரைக்குப் போக வேண்டிய அணி மண்முனைத்துறையில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் காத்து நிற்க வேண்டும், அல்லது வலையிறவுப் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். பாலம் வந்தபின் பிள்ளைகள் காலையில் போய், நகரத்தில் வெபர் மைதானத்தில் ஓடிவிட்டு, பொழுதுபட முன்னர் வீடு திரும்ப முடிந்தது. புனித மிக்கேல் கல்லூரியில் விளையாட்டை வளர்த்த அமெரிக்க யேசுசபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய மைதானம் அது. ஒரு மனிதர் ஒரே ஊரில் தங்கி, நாள்தோறும் மாலையில் பிள்ளைகளோடு நின்றதால் உருவான பெயர் என்பதை எங்கள் ஊர்ப் பெற்றோர் அங்கே போன பிறகுதான் விளங்கிக்கொண்டார்கள்.

அந்த மைதானத்தைப் பார்த்துவிட்டு வந்த கழக நிர்வாகத்துக்கு 400 மீற்றர் ஓடுபாதை வேண்டும் என்ற ஆசை பிறந்தது. முறையான 400 மீற்றர் ஓடுபாதைக்கு ஏறத்தாழ 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் வேண்டும். எங்களிடம் அந்த அகலம் இல்லை. மைதானத்தின் கிழக்கு ஓரத்தில், வாவிக்கும் எங்களுக்கும் நடுவில், கண்ணா, கண்டல், தில்லை ஆகிய மரங்கள் வளர்ந்த ஒரு சேற்று நிலம் இருந்தது (கண்டல் என்பது அந்தக் காட்டுக்குப் பொதுப்பெயர், அதில் உள்ள ஒரு மரத்துக்கும் அதுவே பெயர்). அதை நிரப்பினால் இடம் கிடைக்கும். நிரப்புவதற்கு ஆலையில் சாம்பல் இருந்தது. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்துத்தான் ஆலையில் நீராவி எடுக்கிறார்கள். எரித்தபின் மிஞ்சும் சாம்பலைக் கொட்ட இடம் தேடுவது ஆலைக்காரர்களுக்கு ஓயாத தலையிடி. கழகத்துக்கு மைதானம், ஆலைக்குச் சாம்பல் குழி. இரண்டு தரப்புக்கும் இலாபம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் கைதூக்கியவன்தான்.

இரண்டு நாட்கள் உழவு இயந்திரப் பெட்டிகளில் சாம்பல் போய்க் கொட்டப்பட்டது. மூன்றாம் நாள் வாவியில் வீச்சுவலை போடும் பெரியவர்கள் சிலர் ஆலை வாசலுக்கு வந்து, இறால் குஞ்சு ஒதுங்குகின்ற இடத்தை மூடுகிறீர்கள் என்றார்கள். கண்டல் வேர்களுக்கிடையில் இறாலும் நண்டும் திரளியும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பதைச் சொல்ல அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. அதிகாரிகளும் வந்து, கண்டல் நிலத்தை நிரப்புவது குற்றம் என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். ஆலைக்காரர் நிறுத்தினார். கொட்டிய சாம்பலைத் தம் செலவில் அள்ளுவித்தார். சாம்பல் கழுவிப்போன பகுதி இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அந்தத் தீர்மானத்தால் இளைஞர்களிடம் அவருக்கு இருந்த மதிப்புக் குறைந்தது. மைதானத்தை மீனுக்குக் கொடுத்துவிட்டார் என்று தேநீர்க் கடையில் கேலி பேசினார்கள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு சுற்றுப்போட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் பணத்தில் பாதியை நிறுத்தி, அதற்குப் பதிலாக மைதானத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்கு மாதச் சம்பளம் தருவதாகக் கடிதம் எழுதினார். பேரேட்டில் புதிய தலைப்பொன்று திறக்கப்பட்டது அப்போதுதான்.

ஓடுபாதை இல்லாவிட்டால் என்ன ஆடுவது என்ற கேள்விக்கு விடை கபடியில் கிடைத்தது. ஆண்களுக்கான கபடித் தளம் 13 மீற்றருக்கு 10 மீற்றர். பெண்களுக்கு 12 மீற்றருக்கு 8 மீற்றர். சேற்றை மூடாமலே இரண்டு தளங்கள் போட இடம் இருந்தது. மாலைப் பயிற்சி முடிந்து பெண் பிள்ளைகள் இருட்டுக்கு முன் வீடு போகவும், வெளியூர்ப் போட்டிக்கு ஒரு பெண் பொறுப்பாளர் கூடப் போகவும் ஆலைக்காரர் ஏற்றுக்கொண்ட வாகனச் செலவு, கிண்ணங்களுக்குச் செலவழித்ததை விடக் குறைவு. ஆனால் எரிபொருள் நெருக்கடிக் காலம் தவிர, எந்த ஆண்டும் பெண்கள் அணி போட்டிக்குப் போகாமல் நின்றதில்லை. என் மதிப்பீட்டில் அவர் விளையாட்டுக்குச் செய்த செலவுகளில் மிகப் பயன் தந்தது இதுதான். இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது.

கண்டல்

சாம்பல் விவகாரத்துக்குப் பிராயச்சித்தமாக அவர் மரம் நட விரும்பினார். பாடசாலைப் பிள்ளைகள் வந்தார்கள், பதாகை வந்தது, புகைப்படக்காரர் வந்தார். நீளமான கண்டல் காய்களைச் சேற்றில் வரிசையாகக் குத்தினார்கள். அந்த மாரியில் வாவி நிரம்பி வாரக்கணக்காகத் தண்ணீர் நின்றது. நட்டவற்றில் பெரும்பகுதி அழுகிப் போயின. தப்பியதை மாடு மேய்ந்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் நேர்ந்த தோல்வி அல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின் நாடு முழுவதும் கண்டல் நடுகை ஒரு வேகத்தில் நடந்தது. அந்த முயற்சிகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வு, பார்வையிட்ட 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு செடியும் உயிரோடு இல்லை என்று கண்டது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் வரை மட்டுமே தேறியிருந்தது. இனம் பார்க்காமல், உயரம் பார்க்காமல், உவர் பார்க்காமல் நட்டதும், நட்டபின் திரும்பிப் பார்க்காததும் முக்கிய காரணங்கள். நம் கரையில் கடல் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் கண்டல் வாழக்கூடிய பட்டை மிக ஒடுங்கியது. 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியிலோ நீர்மட்டத்தை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் மாரி வெள்ளமும், முகத்துவாரம் அடைபட்டிருப்பதும் வெட்டப்படுவதும்தான். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் இழுபறி. வயல் நீரில் மூழ்கினால் ஒருவருக்கு நட்டம், இறால் கடலுக்குப் போனால் மற்றவருக்கு நட்டம். அந்த இழுபறி நடக்கும் நாட்களில் ஒரு முழம் உயரக் கண்டல் நாற்று தண்ணீருக்கு அடியில் மூச்சடக்கிக் கிடக்க வேண்டும்.

இரண்டாம் முறை அவர் நடவில்லை. வீச்சுவலைக்காரப் பெரியவர்கள் சொன்னபடி, தூர்ந்து போயிருந்த ஒரு சிறிய ஓடையைத் துப்புரவாக்கி வாவித் தண்ணீர் உள்ளே வந்து போக வழிசெய்தார். மாடு புகாமல் கம்பி வேலி போட்டார். வேலியைப் பார்க்க, முன்னர் கழகத்தின் கபடி வீரராக இருந்த ஒருவரை மாதச் சம்பளத்தில் அமர்த்தினார். விதை தானாகவே மிதந்து வந்தது. முதலில் முளைத்தது அவர் விரும்பிய கண்டல் அல்ல, கண்ணா. மேய்ச்சலை இழந்த பட்டிக்காரர்களுக்கு ஆலைத் தவிட்டைக் குறைந்த விலையில் கொடுத்தார். முதல் ஆண்டு வேலி இரண்டு தடவை வெட்டப்பட்டது, தவிடு கிடைக்கத் தொடங்கிய பிறகு வெட்டப்படவில்லை. வணிகருக்கு மட்டுமே தோன்றக்கூடிய தீர்வு அது. அரச அலுவலர் எவருக்கும் அந்த வழி திறந்திருக்கவில்லை, ஏனென்றால் அவர்களிடம் தவிடு இல்லை.

யானை வேலிக்கும் அவர் உதவினார் என்று ஊரில் சொல்வதுண்டு. வெல்லாவெளிப் பக்கத்து வட்டை (வயல்வெளி) ஒன்றில் அறுவடைவரை மட்டும் நிறுத்தி, பிறகு கழற்றும் மின்வேலிக்கு மின்கலம் வாங்கிக் கொடுத்தார் என்பதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. அதற்கு மேல் நீட்டிச் சொல்ல எதுவுமில்லை. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022இல் உலகம் முழுக்கப் பரவியபின், சுற்றுப்போட்டி நாட்களில் பொலித்தீன் பையில் தண்ணீர் விற்கக் கூடாது என்று கழகம் போட்ட விதி அவர் சொல்லிப் போட்டதல்ல, பெண்கள் அணி கேட்டுப் போட்டது.

ஆலைத் தண்ணீர்

அவித்த அரிசிக்கு நெல்லைத் தொட்டியில் ஊறவைக்க வேண்டும். ஊறிய தண்ணீர் மஞ்சளும் கபிலமுமாக, புளித்த மணத்தோடு வெளியே வரும். அதில் கரைந்திருக்கும் மாப்பொருளையும் பிறவற்றையும் நுண்ணுயிர்கள் தின்னும்போது நீரில் உள்ள ஒட்சிசனையும் தின்றுவிடும். அந்தத் தண்ணீர் ஆலைக்குப் பின்புற வாய்க்கால் வழியாக எங்கே போனது என்று எவரும் கேட்கவில்லை. துப்புரவாக்கிய அதே ஓடைக்குத்தான் போனது.

காவலுக்கு நின்ற இளைஞர் இதை முதலில் கண்டவர். நெல் ஊறவைத்த மறுநாள் விடியற்காலையில் ஓடையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதை அவர் பல மாதங்கள் பார்த்திருக்கிறார். சொல்லவில்லை. சம்பளம் ஆலையில் இருந்து வருகிறது. கழகத் தலைவருக்குத் தெரியும். அவரும் சொல்லவில்லை, ஏனென்றால் பெண்கள் அணியின் வாகனச் செலவும் அங்கிருந்துதான் வருகிறது. எனக்குத் தெரிந்தபோது நானும் ஒரு நிதியாண்டு முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. ஒருவரே கொடையாளியாகவும் சம்பளம் தருபவராகவும் இருக்கும்போது ஊர் எப்படி வாய்மூடிப் போகிறது என்பதற்கு நாங்கள் எல்லோரும் சாட்சி. இந்த நிகழ்வில் மற்ற ஊர்கள் கவனிக்க வேண்டிய இடம் எது என்று கேட்டால், கண்டல் முளைத்ததை அல்ல, இந்த மௌனத்தைத்தான் காட்டுவேன்.

கடைசியில் கோயில் கூட்டத்தில், வண்ணக்கர்மார் எனப்படும் கோயில் நிர்வாகிகள் முன்னிலையில், அதே வீச்சுவலைக்காரப் பெரியவர் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டார். அவருக்கு ஆலையில் இருந்து எதுவும் வருவதில்லை. முதலாளி கோபத்தோடு எழுந்து போனார். இரண்டு மாதங்கள் கழகப் பக்கம் வரவில்லை. சம்பளம் மட்டும் நிற்கவில்லை. பிறகு ஆலைக்குப் பின்னால் குழிகள் வெட்டப்பட்டன: முதலில் கசடு படியும் குழி, அடுத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர் தங்கித் தெளியும் இரண்டு குளங்கள், ஒன்றில் காற்றூட்டும் இயந்திரம். உமிச்சாம்பலைக் கொட்ட உயரமான நிலத்தில் தனி இடம் ஒதுக்கப்பட்டது; உமியில் ஒரு பகுதி செங்கல் சூளைக்குப் போகத் தொடங்கியது.

இந்தக் குளங்களுக்கான செலவை அவர் கண்டல் பாதுகாப்புக்குச் செய்த உதவி என்று கழகத்தின் ஆண்டறிக்கையில் சேர்க்கும்படி கேட்டார். நான் மறுத்தேன். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இத்தகைய ஆலைகள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டும்; கழிவுநீரைத் தெளியவைத்து விடுவது அந்தத் தொழிலின் சொந்தச் செலவு. தன் வீட்டு முற்றத்தைக் கூட்டியவர் ஊர்த் தெருவைக் கூட்டியதாகக் கணக்கெழுத முடியாது. அவர் இன்றும் இதை ஏற்கவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் தீராத வழக்கு இது ஒன்றுதான்.

நெருக்கடி ஆண்டுகள்

2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதித் தடை அறிவிக்கப்பட்டது. நவம்பரில் தளர்த்தப்பட்டபோது பெரும்போகத்துக்கு நேரம் கடந்துவிட்டது. அந்தப் போகத்தில் படுவான்கரை வட்டைகளில் விளைச்சல் விழுந்தது. ஆலைக்கு நெல் வரவில்லை, வந்த நெல்லின் விலை எட்டவில்லை, 2022இல் டீசல் இல்லாமல் பாரவூர்தி ஓடவில்லை. ஆலை பல நாட்கள் மூடிக் கிடந்தது.

கொடையாளி ஒருவரைச் சோதிப்பதற்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடையாது. பேரேடு சொல்வது இது: சுற்றுப்போட்டி அனுசரணை முழுதாக நின்றது. சீருடை நின்றது. விழா விருந்து நின்றது. மைதானக்காரரின் சம்பளமும் கண்டல் காவலரின் சம்பளமும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை, சில மாதங்கள் பாதி பணமாகவும் பாதி அரிசியாகவும் கொடுக்கப்பட்டன. ஊர் அதை வேறுவிதமாக வாசித்தது. முதலாளி கைவிட்டுவிட்டார் என்றார்கள், ஏனென்றால் ஒலிபெருக்கி ஒலிக்கவில்லை. அதே மாதங்களில் எரிபொருள் இல்லாததால் வெளியூர்ப் போட்டி எதற்கும் போக முடியாத கபடி அணிகள் நாள்தோறும் மாலையில் தளத்தில்தான் நின்றன. தளம் புல் செதுக்கி, மண் கொத்தி, தண்ணீர் தெளித்துத் தயாராக இருந்தது.

கிண்ணத்துக்குக் கொடுப்பதை இகழ்வது என் நோக்கம் அல்ல. கிண்ணம் இல்லாத ஊரில் பிள்ளைகள் ஆட வரமாட்டார்கள், கிண்ணத்தில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த கொடையாளியும் வரமாட்டார். இருந்தாலும் ஒரு கழகத்தின் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில், ஒருநாள் செலவையும் மாதச் செலவையும் இரண்டு பக்கங்களில் பிரித்து எழுதுங்கள் என்றே மற்றக் கழகங்களின் பொருளாளர்களிடம் சொல்லி வருகிறேன். பிரித்து எழுதிய ஆண்டில்தான் எங்கள் நிர்வாகத்துக்கே விளங்கியது, தம்மைத் தாங்கியது எந்தப் பக்கம் என்று.

இப்போதைய நிலை இப்படி இருக்கிறது. மைதானக்காரரின் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கழகம் சந்தாப் பணத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டது; அதனால் ஆலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் துணிவு கூட்டங்களில் கொஞ்சம் கூடியிருக்கிறது. காவலரின் சம்பளம் இன்னும் முழுதாக ஆலையில் இருந்துதான் வருகிறது. முதலாளியின் பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஆலையை யார் எடுப்பார் என்று தெரியாத நிலையில், வேலிக்குள் நிற்கும் கண்ணா மரங்கள் ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன, அவற்றின் நிழலில் கண்டலும் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆலைக்குப் பின்னால் உள்ள கசடுக் குழி நிரம்பிவிட்டது. மாரிக்கு முன் அதை அள்ளாவிட்டால் முதல் மழையோடு எல்லாம் ஓடைக்குத்தான் போகும். கழகத்து இளைஞர்கள் சிரமதானமாக அள்ளித் தர வேண்டும் என்று ஆலையில் இருந்து கடிதம் வந்தது. அது ஆலையின் செலவு, கழகத்தின் வேலை அல்ல என்று கணக்காய்வுக் குறிப்பில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.